அடிவாரத்துச் சாமி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பிரஸ் ஷாப் இருக்கிறது. தகடு வெட்டுகிற சின்னக் கம்பெனி, ராத்திரி ஷிப்டும் உண்டு. மெஷின் இறங்கும்போதெல்லாம் எங்கள் சமையலறை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று லேசாக உரசும். ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். சத்தம் வருமா என்று கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. குடிவந்து பல வருடம் ஆன பிறகு, ஒரு நாள் பகலில் கரண்ட் போய் மெஷின் நின்றது. என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏங்க, காதுல என்னமோ ஆயிடுச்சா எனக்கு?"

"கரண்ட் போயிடுச்சு."

"அதான பாத்தேன்" என்றாள். கரண்ட் திரும்பி வரும்வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

நான் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை செய்கிறேன். சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, எடை பார்த்து, பட்டை போட்டு லாரியில் ஏற்றும் வேலை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் மனைவி பேரிகைக்குப் போகும் ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலைக்கு இருந்தாள். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸுக்குள் பூ வெட்டுவது, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது, கட்டுக் கட்டுவது. வெளியில் பேச வேண்டிய பேச்செல்லாம் அவளுடைய பொறுப்பு. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், வீட்டு ஓனரம்மாவிடம் அவள்தான் பேசுவாள். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்யாணம் ஆன புதிதிலேயே இப்படி அமைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அதில் குறை இருந்ததில்லை.

அஞ்செட்டிப் பக்கம் ஒரு காது குத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் அந்த மலையைப் பார்த்தோம். மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் பஸ் நின்றது. ரோட்டோரம் ஒரு புளியமரம், அதற்குக் கீழே மஞ்சள் பூசிய ஒரு கல். கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் ஏற்றி, டிரைவருக்கும் சேர்த்துத் திருநீறு எடுத்துக்கொண்டு ஏறினார். அவள் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மலைகள். காவிரி வரைக்கும் அப்படியே போகிறதாம்.

"ஒரு லைட்டு கூட எரியல பாருங்க."

"காடு. யாரு போய் லைட்டு போடுவாங்க?"

"அங்க போய் ஒரு ராத்திரி தூங்கணுங்க. தூங்கி எழுந்து வந்துட்டா போதும்."

ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. பெங்களூர்ப் பையன்களும் பெண்களும் சனிக்கிழமைகளில் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பைகளோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அவள் நேராகப் போய் ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டாள். "ஏம்மா, இந்தப் பையி எங்க வாங்கின? உள்ள என்னா வெச்சிருக்க?" அந்தப் பெண் பையை இறக்கி வைத்துத் திறந்தே காட்டியது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பஸ் நேரம் பார்ப்பது போல இருந்தேன்.

இரண்டு பை வாங்கினோம். சாயங்காலங்களில் இரண்டு பேரும் போனில் மலையேறுகிறவர்களின் வீடியோ பார்ப்போம். முதல் தடவை நான்தான் அடுக்கினேன். எங்கள் பிரிவில் கனமான சாமான் அடியில், லேசானது மேலே. அப்படித்தான் அவள் பையிலும் அடுக்கினேன். அரிசி அடியில், அதன்மேல் தார்ப்பாய், மேலே துணி. அவள் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பின்னால யாரோ புடிச்சி இழுக்கற மாதிரி இருக்குங்க."

வீடியோவில் போட்டுப் பார்த்தால், கனமானது தோளுக்கு நடுவில் முதுகை ஒட்டி இருக்க வேண்டுமாம்.

"காலம் பூரா பேக்கிங்ல இருக்கீங்க. பொண்டாட்டி முதுகுக்கு ஒரு பேக்கிங் தெரியல" என்றாள். அதைப் பண்ணையிலும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை நான் அவளைக் கூட்டிவரப் போனபோது பண்ணைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பழக்கத்துக்காகக் காலையில் ஏரிக்கரையில் பையோடு நடந்தோம். எனக்கு அது பெரிய கூச்சம். யாராவது எதிரில் வந்தால் ஓரமாகப் போய்ச் செருப்பைச் சரிசெய்வேன். ஆனால் வீட்டுப் படியிலேயே ஓனரம்மா பிடித்துக்கொண்டார். அவர் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

"எங்க போறீங்க மூட்டை கட்டிக்கிட்டு?"

"மலைக்கும்மா" என்றாள் அவள்.

"யாவ தேவரு?"

எந்தச் சாமி என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவர் மூட்டையோடு நடந்தால் ஒன்று பஸ்ஸுக்குப் போவார், இல்லாவிட்டால் சாமிக்குப் போவார். மூன்றாவது ஒன்று யாருக்கும் தோன்றாது. நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மலைச்சாமிம்மா. நடந்தே வர்றதா வேண்டிக்கிட்டோம்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டுதல் என்று சொன்னதும் ஓனரம்மாவின் முகம் மாறியது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவளுடைய கன்னத்தைத் தொட்டு, "ஆகும்மா, ஆகும்" என்றார். இவளுக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது.

தெருமுனை திரும்பியதும் நான் கேட்டேன். "என்னாத்துக்குப் பொய்யி?"

"சும்மா நடக்கப் போறோம்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு நாளெல்லாம் கேப்பாங்க. நான் வேலைக்குப் போயிட்டா நீங்கதான் நின்னு பதில் சொல்லணும். சொல்வீங்களா?"

நான் சொல்ல மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அனுமதி கேட்க வன அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதர். எதற்காகப் போகிறீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆதார் நகலை நீட்டினேன்.

"சும்மாதான் சார். நடக்கறதுக்கு" என்றாள் அவள்.

"சும்மாவா? உள்ள கோயில் ஒண்ணும் கிடையாதேம்மா."

"அதனாலதான் சார் அங்க போறோம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். யானை நடமாட்டம் உள்ள காடு. காவலர் ஒருவர் கூட வருவார். கூடாரம் போடக் கூடாது, காவலர்கள் தங்கும் முகாமில் ஒரு இரவு தங்கிக்கொள்ளலாம். மழை முடிந்த பிறகு வர வேண்டும். புல் காய ஆரம்பித்துவிட்டால் தீ பயம், யாரையும் விட மாட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். மழை முடிந்து புல் காய்வதற்குள் இருக்கும் அந்த மாதங்கள்தான் ரோஜாப் பண்ணைக்கு உயிர். கிறிஸ்துமஸ், புது வருடம், அது முடிந்ததும் வேலன்டைன் சீசன். அந்தச் சமயத்தில் பண்ணையில் யாரும் லீவு கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கிடைக்காது. பூவெல்லாம் ஏற்றுமதியாகி அவளுக்கு லீவு கிடைக்கும்போது காட்டை மூடியிருப்பார்கள்.

"ஊர்ல இருக்கற காதலருக்கெல்லாம் பூ வெட்டிக் குடுத்துட்டுத்தான் நாம போகணும் போல" என்றாள். அந்த வருடம் தள்ளிப் போனது. அடுத்த வருடமும் அப்படியே ஆனது.

இதற்கு நடுவில் ஓனரம்மாவின் மருமகள் ஒரு நாள் கீழ் வீட்டிலிருந்து மேலே எங்களிடம் வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து என் மனைவியின் கையில் வைத்தாள்.

"அக்கா, நீங்க போறப்போ இதையும் சாமிகிட்ட வெச்சிடுங்கக்கா."

வாங்காமல் இருக்க முடியாது. என் மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் பையின் சின்ன அறைக்குள் வைத்தாள். "போற எடத்துல நல்லதா ஒரு கல்லப் பாத்து வெச்சிட்டு வந்துடலாங்க" என்று அந்தப் பெண் போன பிறகு சொன்னாள். அடுத்த தை மாதத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு மஞ்சள் முடிப்புகள் வர ஆரம்பித்தன. பண்ணைப் பெண்கள், தெருவில் இருப்பவர்கள். ஒருவர் மகனுக்கு வேலை, ஒருவர் மகளுக்கு வரன். ஒரு சின்ன மரத்தொட்டில் வந்தது. பேத்தி பிறந்ததும் ஓனரம்மா ஒரு வெண்கல மணி கொண்டுவந்து தந்தார். நல்ல கனம். சாமிக்கு முன்னால் கட்டச் சொன்னார். அவள் பையில் அது அசையும்போதெல்லாம் சத்தம் போட்டது. மணியின் நாக்கைச் சுற்றி ஒரு பழைய ஜாக்கெட் துணியைக் கட்டிவைத்தாள்.

"சத்தமில்லாத எடத்துக்கு மணி தூக்கிட்டுப் போறோம்" என்று சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அப்போதுதான் ஏரிக்கரையில் நடக்கும்போது அவள் அடிக்கடி நிற்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்குகிறது என்றாள். பை கனம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அரிசியை எடுத்து என் பைக்கு மாற்றினோம். ஒரு வாரம் சரியாக இருந்தது போலத் தெரிந்தது. மறுபடி நின்றாள். தார்ப்பாயை மாற்றினோம். டெஸ்பாட்ச்சில் எடை கூடிப் போனால் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போடுவோம், கணக்குச் சரியாகிவிடும். அந்தப் பழக்கம்தான் எனக்கு. அவளும், "அந்த டார்ச்சையும் நீங்களே வெச்சிக்குங்க" என்பாள். கடைசியில் அவள் பையில் மஞ்சள் முடிப்புகளும் தொட்டிலும் மணியும் மட்டும்தான் இருந்தன. அதை மட்டும் அவள் மாற்ற விடவில்லை. ஒரு நாள் பையே இல்லாமல், காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலாக இருக்கலாம், பல வருடமாகவே இருந்திருக்கும் என்றார்கள். பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அங்கேயும் கன்னடத்தில் அவள்தான் பேசினாள். நர்சிடம் தன்னைப் பற்றியே இன்னொருவரைப் பற்றி விசாரிப்பது போல விசாரித்தாள்.

உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அந்த மஞ்சத் துணியெல்லாம் அப்படியே இருக்குங்க."

"நீ வந்து வை."

"வர்றேன். ஒருவேளை நடக்க முடியலன்னா நீங்க போய் வெச்சிடுங்க. சாமி இல்லன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அந்தப் பாப்பாவத் தூக்கிட்டு வந்து காமிச்சாங்களே, பாவம்." பிறகு அவளே, "சொல்ல மாட்டீங்க. நீங்க எங்க சொல்லப் போறீங்க" என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. அவள் கண் விழித்ததாகச் சொன்னார்கள். பார்க்க விடும் நேரத்துக்காக வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் வருவதற்கு முன்னால் வேறு ஒரு டாக்டர் வந்து என்னைத் தனியாக அழைத்தார்.

காரியத்துக்கு அவள் பிறந்த ஊரான சாமல்பட்டியிலிருந்து என் மாமியாரும் மச்சினிச்சியும் வந்து தங்கினார்கள். ஓனரம்மாவும் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்து அழுதார்கள். மச்சினிச்சி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் குடுத்த சாமி எங்கக்காவ எடுத்துக்கிச்சே மாமா. வேண்டிக்கிட்டு இத்தன வருசம் தள்ளிப் போட்டா சும்மா இருக்குமா? ஒரு நடை கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டுதலே கிடையாது, சாமியே கிடையாது, சத்தமில்லாமல் ஒரு இரவு தூங்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு என்னைவிட்டு அவள்மேல் போயிருக்கும். சாமி பேரைச் சொல்லி விளையாடினாள், அதனால்தான் போனாள் என்பார்கள். அந்தப் பேச்சு சாமல்பட்டி வரைக்கும் போகும். தலையைக் குனிந்துகொண்டேன். என் சுபாவம் தெரிந்தவர்கள் என்பதால் யாரும் பதில் எதிர்பார்க்கவில்லை. மாமியார் மட்டும் என் பக்கம் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார்.

இந்த வருடம் மழை முடிந்ததும் தனியாக வன அலுவலகத்துக்குப் போனேன். அதே அதிகாரிதான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்த அம்மா வரலையா?"

"இல்ல சார்."

"ரெண்டு பேருக்கும்தானே எழுதணும்?"

"ஒருத்தருக்கு சார்."

அவர் பேனாவை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் எழுதினார். நான் ஒரு அலுவலகத்தில் தனியாக நின்று பேசி வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் அதைச் சொல்ல ஆள் தேடினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் இரண்டு பையையும் பிரித்துப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓனரம்மாவின் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, நீங்க போய் வழி பாத்துட்டு வந்துடுங்கண்ணா. பாப்பாவுக்கு மொட்டை அங்கதான்னு அத்தை சொல்லிட்டாங்க. தெருவுல எல்லாரும் வர்றேன்றாங்க. வேன் பேசிடலாம். வருசா வருசம் பூசை போட்டு, மைக் செட்டு வெச்சி அன்னதானம் பண்ணணும்னு ஆசப்படறாங்க."

குழந்தை மணியைப் பார்த்துவிட்டது. இடுப்பிலிருந்து இறங்கி வந்து, நாக்கில் கட்டியிருந்த ஜாக்கெட் துணியைப் பிடித்து இழுத்தது. மணி அடித்தது. நல்ல சத்தம். குழந்தை சிரித்தது.

நான் ஒரு கல்லைப் பார்த்து வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி சொன்னதும் அதுதான். ஆனால் நான் வைத்த இடத்துக்கு இவர்கள் வருவார்கள். நம்பி வருகிறவர்களை யாரும் தடுக்க முடியாது. அடுத்த வருடம் அந்தக் கல்லுக்கு ஒரு கொட்டகை, அதற்கு அடுத்த வருடம் ஒரு லைட்டு. பஸ் ஜன்னலில் அவள் பார்த்துக்கொண்டு வந்த இருட்டு நினைவுக்கு வந்தது.

"சாமி மேல இல்லம்மா" என்றேன்.

"என்னாண்ணா?"

"அடிவாரத்துல இருக்கு. ரோட்டோரம், புளியமரத்துக்குக் கீழ. பஸ்ஸே நிக்கும்."

"அக்கா மலைமேலன்னு சொன்னாங்களேண்ணா."

எனக்கு வேர்த்துவிட்டது. என் மனைவி இருந்தால் எப்படிச் சொல்வாள் என்று யோசித்தேன்.

"மலைச்சாமிதாம்மா. வயசானவங்க, புள்ளத்தாச்சிங்க ஏற முடியாதுன்னு கீழ வந்து உக்காந்துக்கிச்சு. மேல போறதுதான் உங்கக்கா வேண்டுதலு. வேற யாரும் ஏறக் கூடாது. ஏறினா அதுக்குப் பிடிக்காது."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"அதுவும் நல்லதுதாண்ணா. அத்தைக்கு முட்டி வேற வலி" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கையிலிருந்து மணியை வாங்கி என்னிடம் தந்தாள். கற்பூரம் ஏற்றிய கண்டக்டரின் சாமிக்கு இனிமேல் ஒரு தெரு ஜனமே வரும். அதற்கு மணியும் தொட்டிலும் சேரட்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் கீழே போன பிறகு அடுக்குவதை முடித்தேன். முடிப்புகளையும் தொட்டிலையும் மணியையும் ஒரு துணிப்பையில் தனியாகக் கட்டினேன். அடிவாரத்திலேயே இறக்க வேண்டியவை. என் மனைவியின் பை காலியாகிவிட்டது. அதை வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பையிலிருந்து அரிசியையும் தார்ப்பாயையும் டார்ச்சையும் எடுத்து, முதலில் பிரித்துக்கொண்டபடி அவள் பையிலேயே திரும்ப வைத்தேன். கனமானதை முதுகுப்பக்கம் ஒட்டி வைத்தேன்.

பின்னால் என் பை, முன்னால் அவள் பை. இரண்டையும் மாட்டிக்கொண்டு மாடியில் ஒரு சுற்று நடந்தேன். பிரஸ் ஷாப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்ததால் உடம்பு நேராக நின்றது. பின்னால் யாரும் பிடித்து இழுக்கவில்லை.